நிலைக்கு அடியில் கிடந்த ஒரு சதம்

எங்கள் வளவுக்குள் இரண்டு வீடு. படலையைத் திறந்ததும் கண்ணில் படுவது வீட்டுத்திட்ட வீடு. இந்திய உதவியாகக் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவோடு கையில் இருந்ததையும் போட்டு 2013 இல் அதைக் கட்டி முடித்தோம். அதற்குப் பின்னால், புளியமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே நிற்பது கல்வீடு. நெடுங்கேணிக்குக் கிட்ட இருக்கும் எங்கள் ஊரில் பழைய வீடு என்றால் மண்சுவரும் கிடுகுக் கூரையும்தான். வருடா வருடம் வேய்ந்து, மெழுகி வந்தால் மண்வீடு நிற்கும். விட்டுப் போனால் சில மாரிக்குள் புற்றோடு புற்றாகிவிடும். இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது தங்கள் வீடு நின்ற இடத்தையே அடையாளம் காண முடியாமல் தவித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். எங்களுக்குக் கல்வீடு நின்றது.

"வன்னியர் காலத்து வீடு" என்பது ஊர்ப்பேச்சு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஒரு இரவு தங்கின வீடு என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். குதிரை கட்டின கல் என்று விறாந்தை ஓரத்தில் ஒரு கல்லையும் காட்டுவார்கள். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டவர் அவர். கற்சிலைமடு எங்களுக்குத் தூரமில்லை, அதனால் கதை பொருந்தித்தான் இருந்தது. அப்பம்மாவும் அப்படியே சொல்லி வந்தார். அதை நம்பிக்கொண்டுதான் நானும் அலவாங்கைத் தூக்கினேன்.

வீட்டின் அளவு முப்பத்தெட்டு அடி நீளம், பத்தொன்பது அடி அகலம். நடுவில் ஒரு மண்டபம், இரண்டு பக்கமும் அறை, முன்னால் பாலை மரத் தூண்கள் வைத்த விறாந்தை. கிழக்கு அறையின் தரை மற்றதைவிட ஒன்றரை அடி உயரம். அது நெல் அறை. சுவர் ஒன்றரை அடிக் கனம், முழுக்கக் கருங்கல். யாழ்ப்பாணத்துக்காரர் கிணறு வெட்டினால் சுண்ணக்கல் வரும், அதைக் கொண்டு கட்டுவார்கள். வன்னியின் தெற்குப் பக்கம் வேறு நிலம். காட்டுக்குள் போனால் கருங்கற் பாறை தரைக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். சாம்பலும் வெள்ளையும் கொஞ்சம் ரோசாவுமாக வரி ஓடிய கல். அந்த வரியோடு உடைத்தால் தட்டையாகப் பிளக்கும். குறுக்கே உடைத்தால் சொன்ன பேச்சுக் கேட்காது.

1997 மே மாதம் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கிய கையோடு வெளிக்கிட்டோம். 2011 இல் திரும்பினோம். கதவில்லை, யன்னலில்லை, தெற்குக் கூரையில் ஓடு இருந்தது, வடக்கில் பாதிதான். நடுமண்டபத்துக்குள் மாடு படுத்திருந்தது. பின்வளவில் மிதிவெடி எச்சரிக்கைக்கு நட்ட மண்டையோட்டுப் பலகையை எடுக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. மிச்சக் கூரைக்கு மேல் யூ.என்.எச்.சி.ஆர் தறப்பாள் இரண்டைக் கட்டிவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டோம். அந்தப் பிறகு வர 2022 ஆயிற்று.

நடுவில் ஒரு பிழை செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய கல்வீடு வைத்திருக்கும் எல்லோரும் அதே பிழையைத்தான் செய்கிறார்கள். வீட்டுத்திட்ட வீடு கட்டி மிஞ்சிய சீமெந்து ஏழெட்டு மூடை இருந்தது. வாடைக்காற்றோடு வரும் மழை முழுவதும் அடிப்பது வடக்குச் சுவரில். காரை உதிர்ந்து கல் தெரிந்தது. "உறுதியாக இருக்கட்டும்" என்று அந்தச் சுவர் முழுவதற்கும் சீமெந்து பூசினோம். பார்க்கப் புதுவீடு மாதிரி இருந்தது. இரண்டாவது மாரியில் மயிரளவு வெடிப்பு, மூன்றாவது மாரியில் உள்பக்கம் ஈரம், பிறகு உப்புப் பூத்தது. 2021 இல் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தபோது சுவரின் நடுப்பகுதி நான்கு அங்குலம் வெளியே வயிறு தள்ளியிருந்தது.

அயலூரில் எழுபது தாண்டிய மேசன் ஒருவர் இருக்கிறார். இப்போது கூலிக்குப் போவதில்லை. கேட்டதும் சைக்கிளில் வந்து, சாந்தகப்பைப் பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தார்.

"தம்பி, சுவருக்குள்ள தண்ணி குடியிருக்கு. வெளிய வாறதுக்கு அதுக்கு வழியில்லை. நீங்கள் கதவைச் சாத்தி விட்டிருக்கிறியள்."

"அப்ப என்ன ஐயா செய்யிறது?"

"சீமெந்தை உரி. வயிறு தள்ளின துண்டைப் பிரி. பழையபடி கட்டு."

அவ்வளவுதான். வேலை தொடங்கிய 2022 இல் சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாவை எட்டியிருந்தது. ஆகவே பழையபடி என்பது எங்கள் கைக்கும் ஒத்துவந்தது.

காலபோகத்து நெல்லை வித்த காசைக் கையில் வைத்துக்கொண்டு ஆனி மாதம் தொடங்கினோம். மழை வருமுன் நாலு மாதம். சுவரைப் பிரிக்க வேண்டுமென்றால் கூரைப் பாரத்தை முதலில் இறக்க வேண்டும். நானும் தம்பியும் மேலே, தச்சு வேலைக்கு வந்த ஓடாவியாரும் அவருடைய மருமகனும் கீழே. வடக்குப் பக்கம் 1964 டிசெம்பர்ச் சூறாவளியில் பறந்து, திரும்ப வேய்ந்தது என்பது அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பக்கத்து ஓடுகளில் இரண்டு மூன்று விதம் கலந்திருந்தன. தெற்குப் பக்கம் ஒரே சீர். ஒன்றைக் கழற்றித் திருப்பி, பாசியைச் சுரண்டினேன். "பாசல் மிஷன் டைல் வேர்க்ஸ்" என்று ஆங்கில எழுத்து. கீழே 1865.

ஏணியிலிருந்து கத்தினேன். வன்னியர் காலம் இல்லாவிட்டாலும் நூற்றைம்பது வருடத்து வீடு! தம்பி உடனே படம் எடுத்து ஜேர்மனியிலிருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினான். ஊரில் ஒரு கிழமை அதே பேச்சு.

பிறகு தேடிப் படித்தபோதுதான் விசயம் தெரிந்தது. 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் தன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் செய்த ஓடுகளிலும் அதே இலக்கத்தை அடித்துவந்தார்கள். யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ பழைய வீட்டு ஓட்டில் 1865 பார்த்தவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது வீட்டின் வயதல்ல. ஆனால் அந்த முத்திரை வேறொன்றைச் சொல்லும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அந்த மிஷனின் வணிகத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்தார்கள். போர் முடிந்தபின் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் ட்ரஸ்ட் என்ற கம்பனியின் கைக்குப் போயின. எங்கள் தெற்குக் கூரையில் ஓட்டுக்கு ஓடு பார்த்தேன். எல்லாம் பழைய பெயர், ஒன்றில்கூடப் புதுப்பெயர் இல்லை. அப்படியானால் இந்த ஓடுகள் 1920 க்கு முன்பு செய்தவை என்று கொள்ளலாம்.

ஓட்டை இறக்கியதும் மரம். பனஞ்சலாகைகள் வைரம் பாய்ந்து இரும்பு மாதிரிக் கறுத்திருந்தன. மொத்தம் நாற்பத்துநாலில் ஏழுதான் பழுது, அதுவும் சுவரில் தலை பட்ட இடத்தில் கறையான் அரித்தது. தீராந்தி நான்கும் பாலை. திரும்ப ஏற்றும்போது குழம்பக்கூடாது என்று நான் ஒவ்வொரு சலாகைக்கும் வெண்கட்டியால் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டு போனேன். ஓடாவியார் நின்று பார்த்துவிட்டு, ஒரு சலாகையின் அடித்தலையைத் துணியால் துடைத்துக் காட்டினார். உளியால் வெட்டிய ஒரு எழுத்து. ச மாதிரி இருந்தது. அடுத்ததில் ரு மாதிரி. அதற்கடுத்ததில் சு. நாலு, ஐந்து, ஆறு. தமிழ் இலக்கம்! ௧ இலிருந்து ஒவ்வொரு பக்கமும் ௨௨ வரை வரிசை தவறாமல் இருந்தது. சலாகையில் இருந்த அதே இலக்கம் அது உட்காரும் வளையிலும் வெட்டியிருந்தது. யாரோ ஒரு தச்சர் கீழே களத்தில் கூரையை முழுதாகப் பொருத்திப் பார்த்து, இலக்கமிட்டு, கழற்றி, மேலே ஏற்றியிருக்கிறார். என் வெண்கட்டி இலக்கத்தை அழித்துவிட்டேன். திரும்ப ஏற்றும்போது அவருடைய இலக்கத்தைப் பார்த்துத்தான் ஏற்றினோம். ஒரு சலாகைகூட முரண்டு பிடிக்கவில்லை.

பழுதான ஏழுக்கும் பெண்பனைதான் வேண்டும் என்று ஓடாவியார் பிடிவாதம். ஆண்பனையில் வைரம் குறைவு என்பார். ஷெல் பட்டுத் தலை போன பனைகள் ஊரில் இன்னும் நிற்கின்றன. ஆனால் செத்து நின்ற மரம் உதவாது. பெர்மிட், வெட்டுக்கூலி, அரிவுகூலி என்று அந்த ஏழு சலாகைக்கு ஆன செலவு முழுக்கூரையின் மிச்ச வேலைக்கு ஆன செலவைவிடக் கூட.

ஆடியில் சுவர். சீமெந்தை உளி வைத்து உரித்தோம். பலகை பலகையாக வந்தது, அதன் முதுகில் ஈரம். உள்ளே கல்லுக்கு இடையில் இருந்த மண் தயிர் மாதிரிக் குழைந்து கிடந்தது. ஒன்பது அடி நீளத்தை மேலிருந்து பிரித்தோம். பிரித்த கல்லை வரிசை மாறாமல் முற்றத்து மணலில் அடுக்கினோம்.

அப்போதுதான் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தது. வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம், இரண்டுக்கும் நடுவே சில்லுக்கல்லும் மண்ணும். ஏறக்குறைய மூன்று அடிக்கு ஒன்றாக, சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே போகும் நீளக்கல் ஒன்று இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. வயிறு தள்ளிய இடத்தில் அந்த நீளக்கல் இரண்டு முறிந்திருந்தன. கல்லைப் பிணைத்தது சுண்ணாம்பு அல்ல, புற்றுமண். சுண்ணாம்பு வெளிமூட்டுக்கும் பூச்சுக்கும் மட்டும். இங்கே சுண்ணக்கல் இல்லை, சுண்ணாம்பு தூரத்திலிருந்து வரவேண்டும், ஆகவே அது வேண்டிய இடத்தில் மட்டும் போட்டிருக்கிறார்கள். சீமெந்து என்றால் அந்தக் காலத்தில் கப்பலில் வந்த சாமான். காங்கேசன்துறை ஆலை தொடங்கியதே 1950 இல்தானே.

சில கல்லின் விளிம்பில் விரல் அளவு அரைக்குழிகள் வரிசையாக இருந்தன, இரண்டு மூன்று அங்குல இடைவெளியில். பாறையில் வரிசையாகக் குழி துளைத்து, ஆப்பு வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் அடித்துக்கொண்டே போனால் கல் அந்தக் கோட்டில் வெடிக்கும். மேசன் ஐயா குழியைத் தடவிப் பார்த்தார். "ஒருத்தன்ர கையில்லை, ரெண்டு பேர்" என்றார். ஒருவருடைய குழி நேர், மற்றவருடையது கொஞ்சம் சரிவு. எனக்கு முதலில் தெரியவில்லை. காட்டித் தந்தபின் வேறு எதுவும் தெரியவில்லை, சுவர் முழுவதும் அந்த இரண்டு பேர்தான் நின்றார்கள். நடுவில் போட்ட சில்லுக்கல்லோடு ஒரு உடைந்த திருகையின் பாதி, பானை ஓடு, பனங்கொட்டைச் சிரட்டை எல்லாம் கிடந்தன. துவக்குச் சன்னமும் இருந்தது. அது எங்கள் காலத்தது.

புற்றுமண்ணைப் பற்றி ஒரு சொல். கறையான் மேலே கொண்டுவரும் களி மிக நுண்மையானது, தண்ணீர் விட்டால் வெண்ணெய் மாதிரிக் குழையும், காய்ந்தால் இறுகும். வன்னியில் அடுப்புக்கும் தரைக்கும் சுவருக்கும் அதைத்தான் தேடிப் போவார்கள். ஆனால் தனியே போட்டால் வெடிக்கும். தேசிக்காய் அளவு உருண்டைகள் பிடித்து, மணலை வெவ்வேறு அளவில் கலந்து, நிழலில் நாலு நாள் காயவைத்தோம். ஒரு பங்கு புற்றுமண்ணுக்கு இரண்டு பங்கு மணல் போட்ட உருண்டை வெடிக்கவுமில்லை, இடுப்பு உயரத்திலிருந்து போட்டபோது உடையவுமில்லை. அதையே எடுத்தோம். மணலை ஐயா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் இறக்க விட்டார். உவர் மணல் என்றால் லோட்டோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

ஒன்பது அடியைக் கட்டி முடிக்கப் பதினெட்டு நாள். முறிந்த இரண்டு நீளக்கல்லுக்கும் பதிலாகப் புதுக்கல் பாறையிலிருந்து எடுத்தோம். மற்ற எல்லாம் அதே கல், ஏறக்குறைய அதே இடம்.

அப்புறம் சுண்ணாம்பு. என் பொறுமையைப் பார்த்தது இதுதான்.

முதலில் கடையில் வெள்ளையடிக்க விற்கும் சுண்ணாம்புத் தூளை வாங்கி, மணலோடு குழைத்து, மூலையில் ஒரு சதுர அடி பூசிப் பார்த்தேன். பத்து நாளுக்குப் பிறகு நகத்தால் சுரண்டினேன், மாவாக வந்தது. காரணம் எளிது. சுண்ணாம்புக்கல் என்பது கல்சியம் காபனேற்று. சூளையில் 900 பாகை அளவில் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறி, சுட்ட கல் மிஞ்சும். அதை நீற்றிப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்து மறுபடி கல்லாகும். கடையில் வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த மூடைக்குள் அந்த வேலை முன்னமே நடந்து முடிந்துவிட்டது. கல்லாகிவிட்ட பொடியைப் பூசினால் அது எதைப் பிடிக்கும்?

யாழ்ப்பாணப் பக்கத்துச் சூளை ஒன்றில் சொல்லிவைத்து, சூடு ஆறியதும் சாக்கில் கட்டி, அன்றே லொறியில் ஏற்றி எடுத்தோம். இருநூற்றைம்பது கிலோ. கிணற்றடியில் நாலடிக்கு மூன்றடிக் குழி வெட்டி, தறப்பாள் விரித்து, தண்ணீர் நிரப்பி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். தண்ணீருக்குள் கல்லைப் போட வேண்டும், கல்லுக்கு மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் தெறிக்கும். குழி கொதித்துப் புகைந்தது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கும் காலுக்கும் தேங்காயெண்ணெய். தம்பி கண்ணாடியைக் கழற்றிய ஒரு நிமிடத்தில் ஒரு துளி இமையில் பட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. கண் தப்பியது. இதை யாரும் விளையாட்டாக எடுக்காதீர்கள்.

நீறியதை அரிதட்டில் வடித்து, தண்ணீருக்குக் கீழேயே மூடி வைக்க வேண்டும். ஐயா ஒரு மாதம் என்றார். சுவர் வேலை நடந்த காலமே அதற்குப் போதுமாக இருந்தது. அவசரத்தில் மூன்றாம் நாளே ஒரு தாச்சி அள்ளி, வடிக்காமல் கிணற்றுக் கட்டில் பூசிப் பார்த்தேன். நீறாத குறுணிகள் பிறகு நீறி ஊதி, அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. அது அப்படியே இருக்கிறது.

ஆவணி கடைசியில் குழியைத் திறந்தபோது நல்ல எருமைத்தயிர் மாதிரி இருந்தது. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஐயா பனங்கட்டி ஊறவைத்த தண்ணீரும் கொஞ்சம் விட்டார். முதற்பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. பூசுமுன் சுவர் குடிக்கும்வரை தண்ணீர் தெளிக்க வேண்டும். பூசிய பிறகு வெயில் படவே கூடாது. ஆவணி வெயிலில் அது எப்படி? கயிறு கட்டி, நெல்லுச்சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு நாலு தரம் நனைத்தோம். அம்மா காலையும் மத்தியானமும், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரமும் இரவும். பத்து நாள் அப்படி. பிறகு இரண்டாம் பூச்சு, அதற்கும் அப்படி. சீமெந்து பூசியிருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும், பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். மூன்று நாளில் முடிந்த வேலையைத்தான் முன்பு உரித்தோம்.

பழைய பூச்சும் சுண்ணாம்புதானா என்று சந்தேகமிருந்தால் தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பாக இருக்கலாம், ஆனால் சீமெந்துப் பூச்சும் நுரைக்கக்கூடும்.

நடுமண்டபத்து உட்சுவரில் சன்னம் பட்ட குழிகள் பத்துப் பன்னிரண்டு. அதை அப்படியே விடுவதா என்று எனக்கு யோசனை. அம்மா யோசிக்கவில்லை. "மூடி விடு. கலண்டர் கொழுவ வேணும்" என்றார். மூடினேன்.

புரட்டாதியில் நிலை. பழைய முன்வாசல் நிலை முதிரை மரம், மேற்பாதி நல்லது, அடிப்படி மட்டும் உக்கிப் போயிருந்தது. படியை மாற்ற நிலையை அலவாங்கால் கிளப்பினோம். அடியில் பாக்களவு மஞ்சள் துண்டு ஒன்று, கறுத்துக் காய்ந்து, தொட்டதும் தூளானது. அதோடு ஒரு செப்புச் சதம். நிலை வைக்கும்போது நவதானியமும் காசும் வைப்பது இன்றைக்கும் உள்ள வழக்கம். தேசிக்காய்ச் சாற்றால் தேய்க்கப் போன என் கையை ஐயா தட்டிவிட்டார். தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தோம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மற்றப் பக்கம் ஒரு மரம், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சதம். ஆண்டு 1914.

நிலை பிறகு மாற்றியதாக இருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். இல்லை. நிலையின் இரண்டு பக்கத்திலும் காதுக்கட்டைகள் சுவருக்குள் போய், மேலே நீளக்கல் ஏறி உட்கார்ந்திருந்தது. சுவர் எழும்பும்போதே வைத்த நிலை. 1914 க்கு முன்பு இந்த வாசல் இல்லை. ஓட்டின் பெயரோ 1920 க்குப் பிற்பட்டதல்ல. இடையில் ஆறேழு வருடம். இரணைமடுக் குளத்து வேலை நடந்துகொண்டிருந்த காலம். வடக்கு ரயில் பாதை 1905 இல் முழுதாகத் திறந்து பத்து வருடமாகியிருந்தது.

பண்டாரவன்னியனுக்கும் இந்த வீட்டுக்கும் நூறு வருடம் தூரம். குதிரை கட்டின கல், மாடு கட்டின கல்.

இதை அப்பம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். எண்பத்துநாலு வயது. கண் மங்கல், காது நல்லது. பின்னேரம் திண்ணையில் இருந்தபோது காசைக் கையில் வைத்து, வருசத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப, என்ர அப்புவின்ர தகப்பன் கட்டினது எண்டு சொல்லு மோனை."

"அப்பிடித்தான் இருக்க வேணும் அப்பம்மா."

"அப்பு சொல்லுறவர். ஓடு ரயிலில வந்து இறங்கினதாம். வண்டில் ஆறு நடை போய் வந்ததாம். ஆறாவது நடையில நாம்பன் ஒண்டு செத்துப்போச்சாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் ராசா கதைதானே கேட்டனீங்கள்" என்றார்.

அன்றிரவே ஒரு ஓட்டைத் தராசில் வைத்தேன். காய்ந்த ஓடு இரண்டு கிலோ அறுநூறு கிராம். இரண்டு பக்கமும் விறாந்தையும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ஓடு. மொத்தம் மூவாயிரத்துத் தொளாயிரம் கிலோ, ஏறக்குறைய எழுபத்தேழு அந்தர். காட்டுப் பாதையில் ஒரு சோடி மாட்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அந்தர் ஏற்றலாம் என்பது ஐயாவின் கணக்கு. வகுத்துப் பார்த்தால் ஆறு நடை. நூறு வருடத்துக்கு மேலாக வாய்வழியே வந்த ஒரு எண், ஒரு நடைகூடப் பிசகவில்லை.

அதற்குப் பிறகு அப்பம்மா சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். கட்டியவர் வயல்காரர், குளத்துக்குக் கீழே தோம்புக் காணி பதினெட்டு ஏக்கர் செய்தவர். கல்லுடைத்தவர்கள் வெளியிலிருந்து வந்து, ஒரு வருடத்துக்கு மேல் வளவிலேயே மால் போட்டுத் தங்கினார்கள். அவர்களுக்குக் கூலியில் பாதி நெல்லாக, மரைக்காலால் அளந்து கொடுத்தது. வீடு குடிபூந்து மூன்று மாரிக்குள் கட்டியவர் முறைக்காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் காய்ச்சல்தான் வன்னியை எத்தனையோ காலம் ஆளில்லாக் காடாக வைத்திருந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்த செய்தியை வானொலியில் கேட்டு அப்பம்மா அழுதது ஏன் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

வளவின் தென்கிழக்கு மூலையில் தரையோடு தரையாக ஒன்பது கற்கள் மூன்றுக்கு மூன்றாக இருக்கின்றன. சின்ன வயதில் அதில் ஏறி நின்று விளையாடுவோம். அது கொம்பறைக் கல் என்றார். தடிகளால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, மேலே வைக்கோல் வேய்ந்த நெல்லுக்கூடு அந்தக் கற்களில்தான் நின்றது. நெல் மணத்துக்கு யானை வந்து இடித்துத் தள்ளியபிறகு, நெல்லை வீட்டுக்குள் எடுத்தார்கள். கிழக்கு அறையின் தரை உயர்ந்தது அப்போதாம். போய்ப் பார்த்தேன். உயர்த்திய தரையின் விளிம்பு பழைய பூச்சுக்கு மேலேதான் ஏறியிருக்கிறது.

காசை எங்கே வைப்பது என்று வீட்டில் பெரிய விவாதம். தம்பிக்குக் கண்ணாடிச் சட்டம் போட ஆசை. "நிலைக்கு வச்சதை நிலைக்கு வை" என்று அப்பம்மா ஒரே சொல்லில் முடித்தார். படம் எடுத்துக்கொண்டு, புது மஞ்சள் துண்டோடு திரும்ப வைத்து, முதிரைப் படியை இறக்கினோம்.

ஐப்பசி 12 ஆம் நாள் முதல் மழை. இரவு முழுவதும் வாடையோடு அடித்தது. டோர்ச் லைட்டோடு வடக்குச் சுவரின் உள்பக்கம் கையால் தடவிக்கொண்டு நடந்தேன். வெளியே சுவர் கறுத்து நனைந்திருந்தது, உள்ளே குளிர்ச்சி மட்டும். விடிந்து பத்து மணி வெயிலுக்கு வெளிப்பக்கம் திரும்ப வெளுத்துக்கொண்டு வந்தது. ஐயா சைக்கிளை நிறுத்தாமலே படலையடியில் நின்று பார்த்துவிட்டு, "குடிச்சதைக் கக்குது, சரி" என்று சொல்லிப் போய்விட்டார்.

வடக்குக் கூரையில் 1964 க்குப் பிறகு கலந்து போட்ட ஓடுகளுக்கும் பழைய ஓடுகளுக்கும் பல் பொருந்தவில்லை. மூன்று இடத்தில் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். தை பிறந்து சூடடித்து முடிந்ததும் ஏற வேண்டும். கொம்பறை பின்னத் தெரிந்த ஒருவர் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறாராம், அதற்கு முன்பு அவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.